கொசுவைக் கணக்கில் பிடித்தவர்: சர் ரொனால்ட் ராஸ்



நம்ம இளைஞர் பிரிவில் கோத்தோங் ரோயோங் என்று அழைப்பு போட்டால், வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். இந்த ஒரு கால்வாயைச் சுத்தம் பண்ணிட்டா டிங்கி போயிடுமா? பக்கத்துத் தாமான்ல இருந்து கொசு பறந்து வராதா? ஊர்ல இருக்கிற எல்லாக் கொசுவையும் நம்மால கொல்ல முடியுமா?

நியாயமான கேள்விதான். ஆனால் புதுக் கேள்வி இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பெரிய டாக்டர்களும் அதிகாரிகளும் இதையே கேட்டார்கள். முடியாது என்று கையையும் விரித்துவிட்டார்கள். அதற்குப் பதில் கண்டுபிடித்தவர் மருந்தை நம்பவில்லை, கணக்கை நம்பினார். கோவிட் காலத்தில் தினமும் டிவியில் கேட்டோமே, ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவும் என்ற எண், அந்த மாதிரிச் சிந்தனைக்கு ஆரம்பப் புள்ளி வைத்தவர்களில் முக்கியமானவர் அவர். பெயர் ரொனால்ட் ராஸ். பள்ளிப் பாடத்தில் மலேரியா, கொசு, நோபல் பரிசு என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவர் வாழ்க்கையின் பாதிக் கதை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

அப்பா சொன்ன படிப்பு

1857 மே 13ஆம் தேதி, இமயமலை அடிவாரத்து அல்மோராவில் ராஸ் பிறந்தார். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் மீரட்டில் சிப்பாய்கள் எழுச்சி வெடித்திருந்தது. தந்தை பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் இவர் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

பையனுக்குக் கவிதையிலும் ஓவியத்திலும் இசையிலும் ஆசை. அப்பாவோ, டாக்டராகி இந்திய மருத்துவப் பணியில் சேர் என்றார். நம்ம வீடுகளில் நடக்கிற கதைதான், வேறு நாட்டு வீட்டிலும் நடந்திருக்கிறது! மனம் ஒட்டாமலேயே லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் படித்து, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். கிடைத்த இடம் மதராஸ் மாகாணம்.

மதராஸ், விஜயநகரம், பர்மாவின் மௌல்மேன், அந்தமான் என்று பட்டாளம் போன இடமெல்லாம் போனார். வேலை குறைவு, ஓய்வு நேரம் அதிகம். அந்த நேரத்தில் கவிதை எழுதினார், நாவல் எழுதினார். அதோடு ஒரு வேலை செய்தார்: ஆசிரியர் யாரும் இல்லாமல், புத்தகத்தை வைத்துத் தானே உயர் கணிதம் படித்தார். பரீட்சைக்காகவும் இல்லை, பதவி உயர்வுக்காகவும் இல்லை. பிடித்திருந்தது, படித்தார். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு எங்கே போய் உதவப் போகிறது என்று அன்றைக்கு அவருக்கே தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு தொட்டி

1883இல் பெங்களூரில் வேலை. தங்கியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. தேடிப் பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு பெரும்பாலும் குறைந்துவிட்டது. அதிகாரிகள் சாப்பிடும் கூடத்திலும் இதையே செய்யலாம் என்று மேலதிகாரியிடம் சொன்னபோது, அவர் இயற்கை ஒழுங்கில் கைவைக்கக் கூடாது என்று மறுத்துவிட்டாராம்.

கொசு மலேரியாவைப் பரப்புகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மலேரியா என்ற பெயரே கெட்ட காற்று என்ற பொருள் கொண்ட இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட ஆவிதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பினார்கள். 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர், நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். சரி, ஒருவர் ரத்தத்தில் இருக்கிற கிருமி இன்னொருவர் ரத்தத்துக்கு எப்படிப் போகிறது? அதுதான் யாருக்கும் விளங்காத புதிர்.

1894இல் விடுமுறையில் லண்டன் போன ராஸ், டாக்டர் பேட்ரிக் மேன்சனைச் சந்தித்தார். மேன்சன் அவருக்கு நுண்ணோக்கியில் அந்தக் கிருமியைக் காட்டி, கொசுவுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்ற தன் ஊகத்தையும் சொன்னார். ராஸுக்குப் பொறி தட்டியது. அடுத்த ஆண்டு செகந்தராபாத் திரும்பியதும் கொசுவை அறுத்துப் பார்க்கும் வேலையை ஆரம்பித்தார்.

1897 ஆகஸ்ட் 20

இரண்டு வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் இப்போது நமக்குத் தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருந்தது மனித மலேரியாவைச் சுமக்காத வகைக் கொசு. நடுவில் காலரா வேலைக்காகப் பெங்களூருக்கு மாற்றினார்கள். 1897இல் நீலகிரிக்குப் போய், ஊட்டிக்குக் கீழே சீகூர் மலைப்பாதைப் பக்கம் ஆராய்ந்தபோது அவருக்கே மலேரியா வந்தது. படுத்து எழுந்து, ஜூன் மாதம் மறுபடியும் செகந்தராபாத்.

அந்த வருஷத்துக் கோடையில் அவர் வேலை செய்த நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விசிறி இழுக்கச் சொன்னால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும். அதனால் காற்றே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்வையும் கை வியர்வையும் பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியும் விரிசல் விட்டிருந்தது.

ஆகஸ்ட் 16ஆம் தேதி, இறக்கையில் புள்ளி உள்ள ஒரு வகைக் கொசுக்களை, ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்க விட்டார். ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. ஆகஸ்ட் 20ஆம் தேதி, மிச்சமிருந்த சில கொசுக்களில் ஒன்றை அறுத்தபோது, அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாவுக்கே உரிய கறுப்புத் துகள் கொண்ட உருண்டை அணுக்களைப் பார்த்தார். புதிர் அவிழ ஆரம்பித்தது. இன்றும் ஆகஸ்ட் 20ஐ உலகக் கொசு நாள் என்று கடைப்பிடிக்கிறார்கள்.

அடுத்து என்ன, பாராட்டா? இல்லை, மாற்றல் உத்தரவு. மனித மலேரியா அதிகம் கிடைக்காத ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு அனுப்பினார்கள். பிறகு கல்கத்தா. அங்கே மனித நோயாளிகள் கிடைக்காததால் பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். 1898 ஜூலையில், கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்கு வந்து, கடிக்கும்போது அடுத்த பறவைக்குள் போகிறது என்பதைக் கண்டார். முழு வட்டமும் தெரிந்துவிட்டது. மனிதருக்கு வரும் மலேரியாவில் அனோபிலிஸ் கொசுவின் முழு வட்டத்தைக் காட்டியவர்கள் இத்தாலியின் கிராஸியும் அவருடைய நண்பர்களும். 1902இல் நோபல் பரிசு ராஸுக்குக் கிடைத்தது. நோபல் வாங்கிய முதல் பிரிட்டிஷ்காரர் அவர்தான்.

எல்லாக் கொசுவையும் கொல்ல முடியுமா?

இத்தோடு நிறுத்தியிருந்தாலே அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் ராஸுக்கு ஒரு கோபம் இருந்தது. காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் ஆட்கள் செத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்! 1899இல் இந்தியப் பணியை விட்டு, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து, கொசுவைக் குறையுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்ல ஆரம்பித்தார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. 1902இல் லாகூருக்குப் பக்கத்தில் மியான் மீர் ராணுவ முகாமில் கொசு ஒழிப்புச் சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். வாய்க்கால்களை மூடினார்கள், குட்டைகளைத் தூர்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று முடிவு சொல்லிவிட்டார்கள். வெளியிலிருந்து கொசு வந்துகொண்டே இருக்கும், கடைசிக் கொசுவரை கொல்ல முடியாது, ஆகவே வீண் செலவு என்பது வாதம். இந்திய அரசும் அந்தப் பக்கம் சாய்ந்தது. இடம் சிறியது, கொசுவை ஒழுங்காக எண்ணவும் இல்லை என்று ராஸ் வாதாடினார். ஆனால் வாதத்துக்கு எதிர்வாதம் இருந்துகொண்டே இருக்கும். கணக்குக்கு எதிராக அப்படிப் பேச முடியாது. அந்த இடத்தில்தான் மதராஸில் ஓய்வு நேரத்தில் படித்த கணிதம் கைகொடுத்தது.

முதலில் அவர் எடுத்த கேள்வி, கொசு எவ்வளவு தூரம் பறக்கும் என்பது. 1904இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த மாநாட்டில் இதைப் பேசினார். கொசு நேர்கோட்டில் போவதில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று திசை மாறி மாறித் திரியும். இப்படித் திரிகிற ஒன்று கடைசியில் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயேதான் பெரும்பாலும் இருக்கும். அதாவது ஓர் இடத்தைச் சுத்தம் செய்தால், அதன் ஓரத்தில் வெளிக்கொசு வரும், ஆனால் நடுவில் நிச்சயம் குறையும். இன்றைக்கு நாங்கள் இன்ஜினியரிங்கில் ராண்டம் வாக் என்று படிப்பது இதே விஷயம்தான். அந்தப் பெயரை 1905இல் வைத்த கார்ல் பியர்சனிடம் ராஸும் இந்தக் கணக்கில் உதவி கேட்டிருந்தார்.

பெரிய அடி 1908இல் விழுந்தது. மொரிஷியஸ் தீவில் 1860களில் மலேரியா நுழைந்து பல்லாயிரம் பேரைக் கொன்றிருந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன இந்தியத் தொழிலாளர்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு, அந்தத் தீவில்தான் இருந்தார்கள். 1907 நவம்பரில் ராஸ் அங்கே போனார். மூன்று மாதம் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையில் ஒரு சமன்பாடு இருந்தது. 1910இல் வந்த மலேரியாத் தடுப்புப் புத்தகத்திலும், அதன் 1911ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அதை இன்னும் விரிவாக்கினார்.

அந்தக் கணக்கைச் சுலபமாகச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒரு கிராமத்தில் 1,000 பேர். ஒருவருக்கு மட்டும் மலேரியா. ஆளுக்கு 48 என்ற கணக்கில் அனோபிலிஸ் கொசுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கில் ஒரு கொசுவுக்குத்தான் மனிதனைக் கடிக்க வாய்ப்பு கிடைக்கும். அப்படியானால் அந்த நோயாளியைக் கடிப்பவை 12. கிருமி கொசுவுக்குள் முதிரச் சில நாட்கள் வேண்டும். அதுவரை உயிரோடு இருப்பது மூன்றில் ஒன்று. ஆக மிச்சம் 4. அந்த நாலில் மறுபடியும் ஒருவரைக் கடிக்க முடிவது நான்கில் ஒன்று. மிச்சம் 1. அதாவது ஒரு நோயாளி போய் இன்னொரு நோயாளி வருகிறார். நோய் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கொசு ஆளுக்கு 96 ஆனால்? ஒருவர் இருவராவார், இருவர் நால்வராவார். ஊரே படுத்துவிடும். கொசு 24 ஆனால்? இரண்டு நோயாளிக்கு ஒரு புது நோயாளிதான் வருவார். நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், பிறகு நோய் தானாகவே அணைந்துவிடும். கவனியுங்கள், 24 கொசு இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது! கடைசிக் கொசுவைத் தேடி அலைய வேண்டாம். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும்.

இந்த எண்கள் அவர் ஓர் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அளவு என்று ஒன்று உண்டு, அதற்கு மேலே ஒரு கதை, கீழே வேறு கதை என்பது மாறாது. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று கையை விரித்தவர்களுக்கு இதுதான் பதில்.

நம்ம மண்ணில்

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நம்ம தாத்தா பாட்டிகளைக் கேளுங்கள். தோட்டத்தில் குளிர்காய்ச்சல் வந்து லயத்தில் வரிசையாகப் படுத்துக் கிடந்த கதையைக் கேட்காத குடும்பம் குறைவு. காட்டை வெட்டி ரப்பர் நட வந்த தமிழர்கள் அன்றைக்கு முதலில் பலியானது மலேரியாவுக்குத்தான்.

1901இல் கிள்ளானில் அரசு மருத்துவராக மால்கம் வாட்சன் வந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் புதுத் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. உடனே தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் விழ, துறைமுகத்தையே மூட வேண்டிய நிலை. ராஸின் கண்டுபிடிப்பைப் படித்திருந்த வாட்சன், மருந்து மட்டும் போதாது, சதுப்பை வடிய விட வேண்டும் என்று நின்றார். கால்வாய் வெட்டினார்கள், நகரத்தை ஒட்டியிருந்த காட்டை அகற்றினார்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901இல் 368 ஆக இருந்த காய்ச்சல் மரணம், 1902இல் 59 ஆகக் குறைந்தது. மலாயாக் கொசுவெல்லாம் செத்துவிட்டதா? இல்லை. அளவுக்குக் கீழே போனது, அவ்வளவுதான். ராஸின் 1910ஆம் ஆண்டுப் புத்தகத்தில் மலாயாவைப் பற்றிய பகுதியை எழுதியவரும் இந்த வாட்சன்தான்.

இன்னொரு பாடமும் நம்ம மண் சொல்லிக் கொடுத்தது. கடலோரச் சதுப்பில் காட்டை வெட்டியதும் மலேரியா குறைந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் அதையே செய்தபோது மலேரியா கூடிவிட்டது! ஏனென்றால் மலை ஓடைக் கொசு வேறு வகை. அதற்கு வெயில் படும் தெளிந்த நீர்தான் பிடிக்கும். காட்டை வெட்டி நாமே வெயிலைக் கொடுத்துவிட்டோம். பிறகு ஓடையை நிலத்தடிக் குழாயில் விட்டும், எண்ணெய் தெளித்தும் சமாளித்தார்கள். சமன்பாடு சரியாக இருந்தாலும், அதற்குள் போடுகிற எண்ணை அந்த ஊர் மண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

தோட்ட நிர்வாகங்கள் கருணையால் மட்டும் இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆள் படுத்தால் பால் வெட்ட ஆள் இல்லை, நஷ்டம். ஆனாலும் வெட்டிய கால்வாய் நம்ம பாட்டன் பூட்டன் உயிரைக் காப்பாற்றியது.

பினாங்கிலிருந்து போன மாணவர்

பினாங்குக்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. ராஸிடம் லிவர்பூலில் பயின்றவர்களில் ஒருவர் வூ லியன் தே. 1879இல் பினாங்கில் பிறந்து, பினாங் ஃப்ரீ பள்ளியில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போனவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை அனுப்பியது. சுமார் 60,000 பேரைக் கொன்ற தொற்று அது.

அங்கே கொசு இல்லை. மூச்சு வழியாக மனிதனிடமிருந்து மனிதனுக்கு நேராகப் பாய்ந்தது. வூ என்ன செய்தார்? யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று பார்த்து, அந்தத் தொடர்பை ஒவ்வொன்றாக வெட்டினார். துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசம், நோயாளிகளையும் அவர்களோடு இருந்தவர்களையும் தனித்தனியாக வைத்தல், ரயில் போக்குவரத்துக் கட்டுப்பாடு. புதைக்க முடியாமல் உறைபனியில் குவிந்து கிடந்த உடல்களை, அரசரின் அனுமதி வாங்கி, அந்த ஊர் வழக்கத்துக்கு மாறாகத் தகனம் செய்தார். சில மாதங்களில் தொற்று நின்றது. கடைசிக் காலத்தில் பினாங்குக்கே திரும்பி, 1960இல் இங்கேதான் காலமானார்.

கெலுகோர் கடலோரத்தில் நின்றால் தெரிகிற ஜெரஜாக் தீவும் இதே கதையைச் சொல்லும். கப்பலில் வந்த நம் முன்னோர்கள் பலரைத் தோட்டத்துக்கு அனுப்புவதற்கு முன் அந்தத் தீவில்தான் தனிமைப்படுத்தி வைத்தார்கள். கப்பலுக்கும் ஊருக்கும் நடுவே ஓர் இழையை அறுக்கிற ஏற்பாடு அது.

கணக்கு வலையானது

ராஸ் மலேரியாவோடு நிற்கவில்லை. 1915 முதல் 1917 வரை, ஹில்டா ஹட்சன் என்ற கணித அறிஞரோடு சேர்ந்து எந்தத் தொற்றுக்கும் பொருந்தும் கணக்கை எழுதினார். உலகில் நடப்பவற்றை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, ஏற்கெனவே எத்தனை பேருக்கு நடந்தது என்பதைச் சாராதது. தடுக்கி விழுந்து கால் உடைவது மாதிரி. உங்கள் கால் உடைந்ததால் என் கால் உடையாது. மற்றொன்று, அதைச் சார்ந்தது. தொற்று நோய் அப்படி. வாட்ஸ்அப்பில் வதந்தியும் அப்படித்தான் பரவுகிறது. பத்துப் பேர் அனுப்பினால் நூறு பேருக்குப் போகும், நூறு பேர் அனுப்பினால் ஆயிரம்.

1901இல் ராஸோடு சியரா லியோனுக்கு மலேரியா வேலைக்குப் போன இளம் மருத்துவர் மெக்கென்ட்ரிக். பிறகு இந்தியாவில் பல வருஷம் வேலை செய்தார். அவரும், ஆய்வுக்கூட விபத்தில் பார்வை இழந்த கெர்மாக் என்ற வேதியியலாளரும் எடின்பரோவில் சேர்ந்து 1927இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மக்களை மூன்று கூடையாகப் பிரிப்பார்கள்: நோய் வரக்கூடியவர், நோய் உள்ளவர், நோயிலிருந்து விலகியவர். ஒரு கூடையிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு வேகமாக ஆட்கள் போகிறார்கள் என்பதுதான் சமன்பாடு. சரிபார்க்க அவர்கள் எடுத்தது பம்பாயில் 1905, 1906இல் பிளேக்கில் இறந்தவர்களின் எண்ணிக்கையை. இன்றைக்கும் தொற்றுக் கணக்கு படிக்கிற எந்த மாணவரும் முதலில் கற்பது இந்த மூன்று கூடைக் கணக்கைத்தான்.

அதில் ஒரு குறை உண்டு. எல்லாரும் எல்லாரையும் சமமாகச் சந்திப்பதாக அது வைத்துக்கொள்கிறது. நிஜத்தில் அப்படியா? தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு வராத பாட்டி அன்றைக்கு நாலு பேரைப் பார்ப்பார். தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிற தம்பி ஆயிரம் பேரைப் பார்ப்பார். சராசரி எடுத்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். அதனால் பிற்காலத்தில் ஆளை முடிச்சாகவும், சந்திப்பை இழையாகவும் வைத்து, ஊரையே ஒரு மீன்வலை மாதிரி வரைய ஆரம்பித்தார்கள். அப்போதுதான் சில உண்மைகள் தெரிந்தன. நிறைய இழை சேருகிற முடிச்சை முதலில் பாதுகாத்தால் முழு வலைக்கும் பாதுகாப்பு. மோர் ஊற்றுகிற தம்பி முகக்கவசம் போட்டால், அவர் பார்த்தே இராத ஒரு பாட்டிக்கும் அது உதவுகிறது. கோவிட் நேரத்தில், 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயில் கதவு மூடியபோது, நமக்கெல்லாம் மனசு வலித்தது. அறுத்தது பக்தியை இல்லை, இழையை.

நிழலும் உண்டு

ராஸைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. கோபக்காரர். கண்டுபிடிப்பு யாருடையது என்று கிராஸியோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். குருவாக இருந்த மேன்சனோடும் கடைசியில் கசப்பு. தன் உழைப்புக்குப் பிரிட்டிஷ் அரசு சரியான சன்மானம் தரவில்லை என்ற குறையும் அவருக்குத் தீரவே இல்லை.

அவருக்காகக் கொசுக்கடி வாங்கிய ஹுசேன் கானும், கல்கத்தாவில் அவரோடு உழைத்த உதவியாளர் முகமது பக்ஸும் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பரிசு மேடையில் அவர்கள் இல்லை. நோயாளிக்குக் காசு கொடுத்துக் கொசுவைக் கடிக்க விட்ட முறையை இன்றைய மருத்துவ ஒழுக்கம் ஏற்காது. ஆட்சி செய்தவர்களின் பட்டாளத்தையும் வியாபாரத்தையும் காப்பாற்றத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. இதெல்லாம் தெரிந்தே அவரிடமிருந்து கற்க வேண்டியதைக் கற்கலாம்.

1911இல் சர் பட்டம் கிடைத்தது. 1926இல் லண்டனில் அவர் பெயரில் ராஸ் நிலையம் திறக்கப்பட்டது. 1927இல் கல்கத்தாவில் அவர் வேலை செய்த மருத்துவமனையில் நினைவு வாயிலைத் திறந்தபோது நேரில் வந்திருந்தார். 1932 செப்டம்பர் 16ஆம் தேதி, 75ஆம் வயதில், தன் பெயர் கொண்ட அந்த நிலையத்திலேயே காலமானார். அவருக்குப் பிறகு அதன் இயக்குநராக வந்தவர் யார் தெரியுமா? கிள்ளானில் கால்வாய் வெட்டிய மால்கம் வாட்சன். அவருக்கும் பிறகு வந்த ஜார்ஜ் மெக்டொனால்ட், ராஸின் சமன்பாட்டை எடுத்து மெருகேற்றி 1950களில் வெளியிட்டார்.

நம்ம கையில் இருப்பது

2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா உள்ளூரில் பரவுவது நின்றுவிட்டது. குரங்கிலிருந்து வரும் வகை மட்டும் இன்னும் காட்டோரங்களில் இருக்கிறது. ஆனால் டிங்கி நம்ம வீட்டு வாசலில் இருக்கிறது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பில் பிறப்பதில்லை. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், அடைபட்ட பீலி, சாமி அறைக்கு வெளியே வைத்து மறந்த சொம்பு, இவைதான் அதன் வீடு. பகலில் கடிக்கும். அதிக தூரமும் பறக்காது. அதாவது உங்களைக் கடிக்கிற ஏடிஸ் பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்தது.

அதனால் கோத்தோங் ரோயோங் போகும்போது மண்வெட்டியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துப் போங்கள். எத்தனை வீடு பார்த்தோம், எத்தனை வீட்டில் புழு இருந்தது, எந்தப் பாத்திரத்தில் இருந்தது என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே வீடுகளை மறுபடியும் எண்ணுங்கள். மியான் மீரில் ஒழுங்காகச் செய்யாமல் விட்ட வேலை அதுதான். எண்ணாமல் விட்டதால்தான் ஒரு நல்ல யோசனையை வீண் என்று ஒதுக்க முடிந்தது. எண் கையில் இருந்தால், பத்து வீட்டில் புழு இருந்தது ஐந்து ஆகிவிட்டது என்று தாமான் கூட்டத்தில் தைரியமாகச் சொல்லலாம். அப்போது வராத வீட்டுக்காரரும் அடுத்த முறை கதவைத் திறப்பார்.

கணிதம் வராது என்று ஒதுங்குகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று, மறுபடி நான்கில் ஒன்று. இந்தப் பெருக்கலை நீங்கள் ஆரம்பப் பள்ளியிலேயே முடித்துவிட்டீர்கள். அதைச் சரியான கேள்வியில் வைத்ததுதான் ராஸின் பலம். நம்ம வட்டாரத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமை முப்பது வீடு பாக்கி இருக்கிறது. நோட்டுப் புத்தகம் நான் கொண்டுவருகிறேன், நீங்கள் வாங்க.